எண் வாசகமாகும்போது: தேதி என்னும் பிரதி குறித்துச் சில குறிப்புகள்

1

காலம் குறித்து நம் சிற்றிதழ்களில் நிறையவே எழுதியாகிவிட்டது. நேர்கோட்டுக் காலம், சுழல் காலம், நாவலில் காலம் உடைபடுவது என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். ஆனால் ரேஷன் கடை ரசீதின் மூலையில், கைபேசிக்கு வரும் வங்கிச் செய்தியில், உதவித்தொகை விண்ணப்பத்தில் தேதி என்று ஒரு வரி இருக்கிறதே, அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தவர்கள் குறைவு. பெனடிக்ட் ஆண்டர்சன் 1983ல் வெளிவந்த தன் நூலில், செய்தித்தாளின் உச்சியில் அச்சாகும் தேதியைத் தேசம் என்கிற கற்பனையின் முக்கிய அடையாளமாகப் பார்த்தார். ஒருபடித்தான, வெறுமையான காலம் என்கிற கருத்தை அவர் வால்டர் பெஞ்சமினிடமிருந்து எடுத்துக்கொண்டார். செய்தித்தாளின் தேதியை ஒரு மனிதர் கோர்த்தார். இன்றைக்கு நாம் படிக்கும் தேதிகளில் பெரும்பாலானவற்றை நிரல்தான் கோர்க்கிறது. எப்படிக் கோர்க்கிறது, யார் சொல்லி அப்படிக் கோர்க்கிறது என்பதே இந்தக் குறிப்புகளின் விஷயம்.

கணினிக்குள் மாதமும் கிடையாது, கிழமையும் கிடையாது. பெரும்பாலான அமைப்புகளில் இருப்பது ஒரே ஓர் எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்கிற எண். 2025 மார்ச் 3, கிரீன்விச் நள்ளிரவு என்றால் 174,09,60,000. இதை மனிதர்கள் வாசிக்க முடியாது. ஆகவே நிரல் எழுதுகிறவர் ஒரு வார்ப்புருவைக் கொடுக்கிறார். அதில் நாளுக்கு 'டி', மாதத்துக்கு 'எம்', வருஷத்துக்கு 'ஒய்' என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பரவலாகப் புழங்கும் முறையில் எம் ஒன்று போட்டால் 3, இரண்டு போட்டால் 03, மூன்று போட்டால் 'மார்.', நாலு போட்டால் 'மார்ச்'. ஐந்து போட்டால் ரொம்பச் சுருங்கி 'மா'. இந்த ஐந்தாவது சுருக்கத்தில் ஜூனும் ஜூலையும் ஒன்றேபோல் 'ஜூ' ஆகிவிடும்.

மென்பொருள்காரர்களைக் கேட்டால் இதெல்லாம் வெறும் 'காட்சி' என்பார்கள். எண்தான் உண்மை, எழுத்து அதன்மேல் போர்த்திய சட்டை என்பது அவர்கள் துறையின் பொதுப்புத்தி. நாம் பேச வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான். அந்த எண்ணை வாசிக்கிற மக்கள் யாருமில்லை. அவர்கள் வாசிப்பதும், அதன்பேரில் அலுவலகப் படி ஏறுவதும், பணத்துக்குக் காத்திருப்பதும் எழுத்தைப் பார்த்துத்தான்.

2

தமிழைத் தேர்ந்தெடுத்தால் கணினியின் பொதுத் தரவு தரும் நீளமான தேதி இப்படி இருக்கும்: திங்கள், 3 மார்ச், 2025. எழுத்துகள் எல்லாம் தமிழ். வாக்கியம் தமிழா?

நம் ஊர்ப்பக்கம் யாரும் 'மூணு மார்ச்' என்று சொல்வதில்லை. 'மார்ச் மூணு' அல்லது 'மார்ச் மூணாந்தேதி' என்பார்கள். ஆடிப் பதினெட்டும் தை அஞ்சும் அப்படித்தான். 'மூணு மார்ச்' என்றால் தமிழில் மூன்று மார்ச் மாதங்கள் என்று அர்த்தம். மூணு வருஷமாக மார்ச் மாதத்தில் மஞ்சள் விலை விழுந்தது என்று சொல்ல வேண்டுமானால் அது உதவும். தமிழில் பெரியது முன்னால் வந்து சிறியதைத் தன்னுள் அடக்கும்: வருஷம், மாதம், நாள். கிரயப் பத்திரம் எழுதுகிறவர் '1962ம் வருஷம் ஜூன் மாதம் 12ந் தேதி' என்று எழுதியது இந்த ஒழுங்கில்தான். கோயில் கல்வெட்டுகளிலும் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். அப்புறம் மாதம், பக்கம், திதி. கடைசியில் இன்ன கிழமை 'பெற்ற' இன்ன நாள் என்று முடியும். அதில் தேதி ஒரு தொடராகவே இருக்கிறது.

எண்களை மட்டும் எழுதும்போது 3-3-2025 என்று நாளை முன்னால் வைக்கிற பழக்கம் நமக்கு வெகுநாளாக உண்டு. அதை நான் மறுக்கவில்லை. மாதத்தைப் பெயரால் எழுதும்போது கதை வேறு. இதில் ஒரு வினோதமும் இருக்கிறது. 1988ல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்கிற சர்வதேசத் தரம் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்றே எழுதச் சொல்கிறது. நிரலர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த ஒழுங்கில்தான். ஆக, எந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒழுங்கு தமிழின் ஒழுங்காக இருக்கிறது. 'மனிதர் வாசிக்கும்' தமிழாக மாற்றும்போது அதை ஆங்கில ஒழுங்குக்குத் திருப்பி, நடுவில் ஆங்கிலக் காற்புள்ளியையும் செருகிவிடுகிறார்கள்.

முடியாது என்பதாலா இப்படி? ஜப்பானிய மொழிக்குக் கணினி தரும் வடிவம் ஆண்டுக்குப் பின் ஆண்டுக் குறி, மாதத்துக்குப் பின் மாதக் குறி, நாளுக்குப் பின் நாள் குறி. ஹங்கேரிய மொழிக்கும் ஆண்டே முதலில் வருகிறது. தமிழிலும் பத்திரங்களில் ௵, ௴, ௳ என்று வருஷம், மாதம், நாளுக்கான குறிகள் இருந்தன. 2003ல் யூனிகோடின் 4.0 பதிப்பு அவற்றுக்கு இடம் கொடுத்தது. ஆனால் தமிழுக்கான பொதுத் தேதி வடிவங்களில் அவற்றைக் காணோம். குறிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், புழக்கத்துக்கு விடவில்லை.

கிழமைகளைப் பாருங்கள். வார்ப்புருவின் தர்க்கம், தேதி என்பது கழற்றி மாட்டக்கூடிய உதிரிப்பாகங்களின் கூட்டம் என்பது. கிழமைப் பெயரை எடு, பின்னால் 'கிழமை' என்று ஒட்டு. ஆங்கிலத்தில் இப்படி ஒட்டலாம். தமிழில் ஏழு நாளில் புதன் மட்டும்தான் மாறாமல் சேர்கிறது. ஞாயிறு 'ஞாயிற்று' ஆகி வல்லினம் மிகும். திங்களின் ளகரம் டகரமாகித் 'திங்கட்கிழமை'. வியாழன் தன் னகரத்தை இழந்து 'வியாழக்கிழமை'. செவ்வாய், வெள்ளி, சனி மூன்றிலும் ககரம் மிகும். ஒட்டிப் பழகிய நிரல் 'ஞாயிறுகிழமை' என்றும் 'வியாழன்கிழமை' என்றும் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

புணர்ச்சி என்றால் பரீட்சைக்குப் படிக்கிற பழம்பஞ்சாங்கம் என்று நினைக்கும் நண்பர்கள் வேற்றுமை உருபைப் பார்க்கட்டும். தேதி தனியாக நிற்பது அபூர்வம். தேதிக்குள், தேதியிலிருந்து, தேதி வரை என்றுதான் அது வாழ்க்கைக்குள் வருகிறது. 'இன்று' என்ற சொல்லை எடுத்து 'க்குள்' ஒட்டினால் 'இன்றுக்குள்' என்று வரும். நாம் சொல்வது 'இன்றைக்குள்'. ஆங்கிலத்தின் 'இன் த்ரீ டேஸ்' என்பதற்குத் தமிழ்த் தரவில் இருப்பது '3 நாட்களில்'. ஏனுங்க, மூணு நாளில் பணம் வரும் என்றால் என்ன அர்த்தம்? மூணு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று. ஆங்கிலம் சொல்ல வந்தது மூணு நாள் கழித்து. முதல் நாளே சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வங்கிக்கு வந்து, இல்லையென்று திரும்புகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் கூலியும் பஸ் காசும்.

3

இதை எழுதியது யார்? பெரும்பாலான கைபேசிகளும் உலாவிகளும் தங்கள் தேதிச் சொற்களை ஒரே ஊற்றிலிருந்து எடுக்கின்றன. 2004 முதல் யூனிகோடு கூட்டமைப்பின் பராமரிப்பில் இருக்கும் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் அது. மொழிவாரியாக மாதப் பெயர், கிழமைப் பெயர், தேதி வடிவம் எல்லாவற்றையும் அதில் இடுகிறார்கள், வாக்களித்து முடிவுசெய்கிறார்கள். தனியாள் விருந்தினரும் கலந்துகொள்ளலாம். ஆனால் உறுப்பு நிறுவனங்களின் சார்பில் வருகிறவரின் வாக்குக்கு எடை அதிகம். உள்ளிடுகிறவருக்கு முன்னால் ஆங்கிலச் சொல் ஒரு பத்தியில் நிற்கிறது. பக்கத்தில் உள்ள இடத்தை நிரப்ப வேண்டும். பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் தேதியை எப்படிச் சொல்வாய் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இந்த ஆங்கிலத் துண்டுக்குத் தமிழ்த் துண்டு என்ன என்றே கேட்கப்படுகிறது.

இதைச் சதி என்று எழுதினால் அது சோம்பேறித்தனம். அந்தக் களஞ்சியத்தில் 'நேற்று முன் தினம்', 'நாளை மறுநாள்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இல்லாதவற்றுக்கும் இடம் இருக்கிறது. முந்தாநேத்தும் நாளானிக்கும் அங்கே நுழைந்ததற்குக் காரணம், யாரோ கேட்டார்கள் என்பதுதான். ரஷ்ய மொழியில் மாதப் பெயர் தனியே நின்றால் 'மார்த்', நாளோடு சேர்ந்தால் 'மார்தா'. அதற்காக 'தனித்து நிற்கும் பெயர்', 'தேதிக்குள் வரும் பெயர்' என்று இரண்டு வரிசைகளையே அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஸ்லாவிய மொழிகளின் இலக்கணம் நிரலின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. தமிழின் புணர்ச்சியும் உருபும் மாற்ற முடியாதா? முடியும். கேட்கிற ஆட்கள் வேண்டும்.

1935ல் இதே ஈரோட்டிலிருந்து வந்த 'குடிஅரசு' எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியது. அதற்குப் பெரியார் சொன்ன காரணங்களில் அச்சுக்கோப்பின் சிரமமும் ஒன்று. ஈய எழுத்துகளின் எண்ணிக்கை மொழியின் அரசியல் பிரச்சினை என்பதை ஒரு பத்திரிகை பொதுவில் வைத்து வாதாடியது. ஆதரித்தார்கள், திட்டினார்கள், கடைசியில் 1978ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அதே கனமுள்ள முடிவுகள் ஒரு படிவத்தின் கட்டங்களில் சத்தமில்லாமல் எடுக்கப்படுகின்றன. தமிழ்த் துறைகள் நன்னூல் சூத்திரத்துக்கு உரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. புணரியல் ஒரு நிரலாக வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

4

நேரத்துக்கு வருவோம். பல மென்பொருள்களில் 'முற்பகல் 2:15' என்று பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் 'காலை 2:15'. நள்ளிரவு தாண்டி இரண்டே காலுக்கு எந்தத் தமிழர் முற்பகல் என்கிறார்? ராத்திரி ரெண்டே கால் என்போம். பகலே வராதபோது முற்பகல் எங்கிருந்து வரும்? ஆங்கிலத்தின் இரண்டு கூறுகளுக்கு இரண்டு தமிழ்ச் சொல் என்கிற கணக்கின் விளைவு இது. தமிழ்த் தரவில் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று பொழுதுகளின் நுட்பமான பட்டியலும் இருக்கிறது. சிறுபொழுது படித்த தமிழ் மாணவருக்கு இது அந்நியமல்ல. ஆனால் நிரல் எழுதுகிறவர் அந்தப் பட்டியலைக் கூப்பிடுவது அரிது. அவர் மனசில் இருப்பது ஏஎம், பிஎம் இரண்டும்தான்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை வாராவாரம் திங்கட்கிழமை ராத்திரி தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கிக் கட்டு வாங்குகிற வெளியூர் வியாபாரிக்கு அது திங்கட்கிழமை ராத்திரிதான், விடிந்தால்தான் செவ்வாய். பில் போடும் எந்திரத்துக்கு நள்ளிரவோடு தேதி மாறிவிட்டது. விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு ஓட்டுகிறவரின் ஒரு இரவையும் எந்திரம் இரண்டு தேதிகளாக வெட்டுகிறது. அவருக்கு அது ஒரு ஷிப்டு, ஒரு உழைப்பு, ஒரு தூக்கமின்மை. நாள் எப்போது மாறுகிறது என்பதை உழைக்கிறவரின் உடம்பு ஒருமாதிரி சொல்கிறது, நிரல் வேறுமாதிரி சொல்கிறது. கணக்கில் நிற்பது நிரல் சொன்னது.

5

உடனே சில தோழர்கள், 'அப்படியானால் தமிழ் மாதத்தைக் கணினியில் கொண்டுவா' என்பார்கள். கணினியின் பொது நாள்காட்டிப் பட்டியலில் எபிரேய, எத்தியோப்பிய, பாரசீக, இஸ்லாமிய, சீன நாள்காட்டிகள் இருக்கின்றன. 1957 மார்ச் 22ல் இந்திய அரசு ஏற்ற சக நாள்காட்டியும் உண்டு. கெஜட்டிலும் வானொலியிலும் தவிர அது யார் வீட்டில் புழங்குகிறது? சித்திரை, வைகாசி என்று ஓடும் தமிழ்ச் சூரிய நாள்காட்டிக்கு அங்கே இடமில்லை. சூரியன் ராசி மாறும் நேரத்தைக் கணித்து மாதப் பிறப்பைச் சொல்வது கஷ்டமான காரியமல்ல. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணினி இல்லாத காலத்தில், 1922ல், தொகுதி தொகுதியாக அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார்.

காலிங்கராயன் வாய்க்கால் பாசனக்காரர்கள் காலிங்கராயன் தினம் கொண்டாடுவது தை 5ல். பொங்கல் ஜனவரி 14ல் வரும் வருஷம் அது 18, பொங்கல் 15ல் வரும் வருஷம் 19. கணினியில் 'ஜனவரி 18, வருடாவருடம்' என்று போட்டுவைத்தால் சில வருஷம் தப்பாகும். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தைக்கும் இதே கதி.

ஆனாலும் ஏக்கத்துக்கு நான் ஆள் இல்லை. தமிழ் நாள்காட்டி ஒன்றும் அப்பாவிப் பிரதி அல்ல. பஞ்சாங்கம், ராகு காலம், அறுபது சமஸ்கிருத ஆண்டுப் பெயர்கள் என்று அதன்மேல் ஏறியிருக்கும் பிராமணிய அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் 'நம் மாதம்' என்று புல்லரிக்க முடியாது. புத்தாண்டு தை 1 என்று 2008ல் சட்டம், 2011ல் அது ரத்து, திரும்பவும் சித்திரை 1. எது தமிழ்க் காலம் என்பதே முடியாத வழக்கு. அதோடு, கீழ்பவானிப் பாசன விவசாயிக்கு நன்செய்த் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஆகஸ்ட் 15. மேட்டூருக்கு ஜூன் 12. இவை ஆங்கிலத் தேதிகள் என்று விவசாயி யோசிப்பதில்லை. அவருடைய காலம் ஏற்கெனவே கலப்புக் காலம்.

இந்தக் கலப்பைக் கணினியைவிட நன்றாகப் புரிந்துகொண்டது சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டர். கிழிக்கிற ஒரே தாளில் ஆங்கிலத் தேதி பெரிதாக, பக்கத்தில் தமிழ்த் தேதி, ஹிஜ்ரித் தேதி. எதுவும் எதையும் துரத்தவில்லை. அவரவர் தங்களுக்கு வேண்டிய மூலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். மென்பொருளின் வார்ப்புருவோ ஒரு வரியில் ஒரு காலம் என்றே பழகியிருக்கிறது.

6

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது.

வார்ப்புரு நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கிறது. மூன்றும் இல்லாதவர்களை அது என்ன செய்கிறது? ஐப்பசி அடைமழையில் பிறந்தேன், பெரிய பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் பிறந்தேன் என்று சொல்லும் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத பெண்கள், தலித்துகள், மலைவாசிகள். பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் வாத்தியார் வைத்த பிறந்தநாள்தான் பலருக்கு. தேதி தயாரிப்பது கணினி தொடங்கிய வேலை அல்ல. கணினி அதைக் கட்டாயமாக்கியது.

ஆதாரில் பிறந்த தேதிக்கு மூன்று நிலைகள் உண்டு: சான்றோடு வந்தது, வாயால் சொன்னது, உத்தேசமானது. ஆண்டு மட்டும் அச்சான அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவரை நேர்மை. அந்த ஆண்டு அடுத்த அலுவலகத்தின் கட்டத்துக்குப் போனதும், கட்டம் காலியாக இருக்கச் சம்மதிக்காது. 01/01 என்று நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அதைத் தமிழில் வாசகமாக்கினால் '1 ஜனவரி, 1960' என்று திருத்தமாக, சந்தேகத்தின் சாயலே இல்லாமல் வந்து நிற்கும். 'ஐப்பசி மழையில பொறந்தனுங்க' என்றவரின் உத்தேசம் இரண்டே கட்டங்களில் அரசின் உண்மையாகிவிடுகிறது. அப்புறம் வாக்காளர் அட்டையில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, 'ஒத்துப்போகலைங்க, திருத்திட்டு வாங்க' என்பார்கள். முதியோர் உதவித்தொகை வயதை வைத்துத் தீர்மானமாகிறது. பொய் சொன்னது கட்டம், அலைவது அந்த அம்மாள்.

வேறு வழி இல்லையா? நூலகர்கள் வெகுநாளாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆண்டு தெரியும், மாதம் தெரியாது, சுமார், சந்தேகம் என்பதையெல்லாம் குறிகளால் எழுதும் முறை 2019ல் ஐஎஸ்ஓ 8601 தரத்தின் இரண்டாம் பகுதியிலேயே சேர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கான சர்வதேச விதியிலும் தெரியாத நாளையும் மாதத்தையும் நிரப்புக்குறி போட்டு விட அனுமதி உண்டு. ஆக, தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கணினிக்குத் தெரியும். தேதியில்லாத ஓர் ஓலைச்சுவடிக்கு நூலகப் பட்டியல் 'சுமார்' என்று மரியாதை செய்கிறது. அந்தச் சுவடியைவிட இளையவளான ஆத்தாளுக்கு உதவித்தொகைப் படிவம் அந்த மரியாதையைத் தரவில்லை.

2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைத் தீர்மானிக்க ஆதாரில் உள்ள பிறந்த தேதி சான்றாகாது என்று சொன்னது. பதிலாகப் பள்ளிச் சான்றிதழை ஏற்றது. பள்ளிக்கூடமே போகாதவர்களின் கேள்வி அப்படியே நிற்கிறது.

எழுதுகிறவர்களும் களத்தில் இருக்கிறவர்களும் இதை மென்பொருள்காரர்களின் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. மூன்று காரியங்கள் கேட்கலாம். அரசு மென்பொருள்களில் தமிழ்த் தேதியைத் துண்டு துண்டாக ஒட்டாமல் முழுத் தொடராக, உருபோடு சேர்த்து எழுத வேண்டும். இதற்கான சொற்பட்டியலைத் தமிழ் படித்தவர்கள் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும், பொதுக் களஞ்சியத்தில் போய்ச் சண்டை போட வேண்டும். இரண்டாவது, ராத்திரி இரண்டு மணியை ராத்திரி என்றே எழுத வேண்டும். மூன்றாவதும் அவசரமானதும்: பிறந்த தேதிக் கட்டத்தில் நாளும் மாதமும் காலியாக இருக்க அனுமதி வேண்டும், 'சுமார்' என்கிற சொல்லுக்கு ஒரு கட்டம் வேண்டும், 01/01 என்று தானாக நிரப்பிய தேதியை வைத்து யாருடைய விண்ணப்பத்தையும் தள்ளக் கூடாது. முதல் இரண்டுக்கும் நாம் உழைக்க வேண்டியிருக்கும். மூன்றாவதுக்கு ஓர் அரசாணை போதும்.